சென்னய்யா வீட்டுக் கண்ணாடி வேலி

கங்கம்மாளுக்கு மாமனாரைப் பிடிக்காது. மாமனாருக்கும் கங்கம்மாளைப் பிடிக்காது. இதில் ஒளிவு மறைவு கிடையாது. அருப்புக்கோட்டையில் தறி ஓடுகிற வீடு அத்தனைக்கும் தெரிந்த சங்கதி. பிடிக்காத வீட்டுப் பெண்ணை எதற்கு மகனுக்குக் கட்டி வைத்தார் என்று கேட்கிறவர்களுக்குப் பழைய கதை தெரியாது என்று அர்த்தம்.

சென்னய்யா கூலிக்கு நெய்துகொண்டிருந்த காலத்தில், ஒரு கோடையில், அவருடைய அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு பாலையா வீட்டுக் கிணற்றுக்குப் போனாள். பாலையாவின் அப்பா அப்போது ஊரில் பெரிய நூல் வியாபாரி. கூலிக்காரிகளுக்குச் சேந்திக் கொடுக்கவா கிணறு வெட்டினேன் என்று வாசலில் வைத்தே கேட்டவர், குடத்தையும் காலால் தள்ளிவிட்டார். மண்குடம், உடைந்துபோனது. அம்மா வெறுங்கையோடு திரும்பி வந்ததைச் சென்னய்யா பார்த்தார். பிறகு காலம் புரண்டது. பெரிய வியாபாரி செத்துப்போனார், பாலையாவின் கையில் வியாபாரம் படுத்துவிட்டது. சென்னய்யாவுக்கோ விசைத்தறி, பம்பாய்ச் சேட்டுகளின் சிநேகம், கார் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. பாலையா வீட்டு வாசலேறிப் போய், சீர் செனத்தி ஒன்றும் வேண்டாம் என்று சொல்லி, அவருடைய மகளைத் தன் மகன் ரங்கராஜுக்குக் கேட்டார். ஊரே பெருந்தன்மை என்றது. அது பெருந்தன்மை இல்லை என்று கங்கம்மாளுக்கு வந்த வாரமே புரிந்துவிட்டது.

“இது ஒங்க தாத்தன் வீட்டுத் தண்ணி இல்ல, பாத்துச் செலவழி.” மாமனார் அவளிடம் சொன்ன முதல் வார்த்தை இதுதான். அந்த ஊர் நெசவுக்காரர்கள் பலரைப் போல வீட்டுக்குள் எல்லாரும் கன்னடம் பேசுகிறவர்கள். மருமகளைத் திட்டும்போது மட்டும் சென்னய்யா தமிழுக்கு மாறிவிடுவார். வேலையாட்களுக்குப் புரிய வேண்டுமே.

அறுபதுகளின் கடைசியில் மழை தொடர்ந்து ஏய்த்த சமயம். முனிசிபல் குழாயில் காற்றுதான் வந்தது. அந்த நேரம் பார்த்துச் சென்னய்யா பாளையம்பட்டிப் பக்கம் வாங்கிய நிலத்தில் கிணறு வெட்ட, ஊற்று பொத்துக்கொண்டு வந்தது. கொடுத்து வைத்த மனுஷன். அங்கேயே மாடி வீடு கட்டிக் குடிபோனார். பம்பாயில் ஒரு சேட்டு வீட்டில் நீச்சல் குளம் பார்த்திருந்தவர், வீட்டுக்கு முன்னால், ரோட்டைப் பார்த்த மாதிரி, அதைப் போலவே ஒன்று கட்டினார். தரையோடு தரையாக, ஆள் முங்குகிற ஆழம். உள்ளே நீலப் பீங்கான் சில்லுப் பதிப்பு. ஊர் அதற்குச் சென்னய்யா தெப்பம் என்று பேர் வைத்தது.

அந்த வீட்டில் ஒருத்தருக்கும் நீந்தத் தெரியாது. சாயங்காலமானால் சென்னய்யா கரையில் பலகை போட்டு உட்கார்ந்து, கணுக்கால் மட்டும் நனைகிற மாதிரி காலைத் தொங்கப் போட்டுக்கொண்டிருப்பார். காலிக் குடத்தோடு ரோட்டில் போகிற பெண்கள் நின்று பார்ப்பார்கள். அவர்களில் பாலையா வீட்டுத் தெருக்காரிகளும் உண்டு. அவர்கள் பார்க்க வேண்டும் என்றுதான் அந்தக் குளமே.

கங்கம்மாளின் மகன் வீரபத்திரனுக்கு அப்போதுதான் நடை போய் ஓட்டம் வந்திருந்தது. எங்கே விட்டாலும் பயல் தண்ணீரைப் பார்த்துத்தான் ஓடினான். கிணற்றுக்காவது நெஞ்சு உயரக் கைப்பிடிச் சுவர் இருந்தது, குளத்துக்கு ஒன்றும் இல்லை. ஒருநாள் கரை விளிம்பில், குனிந்து விழப்போன நேரத்தில், அரைஞாண் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். கயிறு அறுந்து கையோடு வந்தது. பிள்ளை நல்லவேளையாகப் பின்பக்கம் விழுந்தான். அன்றைக்குப் பிடித்த நடுக்கம் அவளை விடவே இல்லை. சோறு வடிக்கும்போதும் ஒரு காது வெளியில் இருக்கும். சத்தம் கேட்டாலும் ஓடுவாள், சத்தம் கேட்காவிட்டால் அதைவிட வேகமாக ஓடுவாள். அவளுக்கு அந்த வீட்டில் வேறு ஒன்றும் வேண்டியதில்லை. பிள்ளை உயிரோடு வளர வேண்டும், அவ்வளவுதான்.

“குளத்தைச் சுத்திச் சுவரு வைக்கச் சொல்லுங்க” என்று புருஷனிடம் சொன்னாள்.

“அப்பா இப்ப கோவத்துல இருக்காரு. பதமாச் சொல்றேன்” என்றான் ரங்கராஜ். அவன் பதம் பார்த்துக்கொண்டே கிழவனாகிவிடுவான் என்பது தெரிந்து, அவளே மாமனாரிடம் போய்க் கேட்டாள்.

சென்னய்யா தமிழில் சிரித்தார். அப்படியும் ஒரு சிரிப்பு அவரிடம் இருந்தது. “சுவரா? ஒங்க ஆளுக கண்ணுல என் தண்ணி படக்கூடாது, வயிறெரியும். அதுக்குத்தான சுவரு கேக்குற?”

“பிள்ளை விழுந்திருவான் மாமா.”

“பிள்ளையப் பாத்துக்கிறத விட ஒனக்கு இங்க என்ன வெட்டி முறிக்கிற வேலை?”

அவளும் விடுகிற ஆள் இல்லை. மறுநாளிலிருந்து பழைய சேலைக் கிழிசலால் பிள்ளையை முன்வாசல் தூணில் கட்டிப் போட்டாள். உள்ளே இல்லை, முன்வாசலில். சரக்கெடுக்க வந்த மதுரை வியாபாரி, செருப்பைக் கழற்றிக்கொண்டே, “என்ன முதலாளி, பேரனைக் கன்னுக்குட்டி மாதிரி கட்டியிருக்கீக?” என்று கேட்டுவிட்டார். சென்னய்யாவின் முகம் செத்துப்போயிற்று. வியாபாரி போனதும் கிழிசலைத் தானே அவிழ்த்து அவள் மேல் வீசினார்.

“வேலிதான வேணும்? போட்டுத் தாரேன். ஆனா சுவரு கெடையாது. கண்ணாடி. பாக்கணும், தொடக்கூடாது.”

மறுவாரம் காரில் மதுரைக்குப் போனார்கள். பின்னால் நொட்டை சொல்லக்கூடாது என்று அவளையும் ஏற்றிக்கொண்டார். கண்ணாடிக் கடைக்காரர் தினுசு தினுசாக எடுத்து வைத்தார். பூப்போட்டது ஒன்று, பால் நிறத்தில் மங்கலாக ஒன்று, உள்ளுக்குள்ளேயே கம்பி வலை வைத்து வார்த்தது ஒன்று. கங்கம்மாள் கம்பி வலைக் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்து, “உடைஞ்சா சிதறாதுல்ல?” என்று கேட்டாள்.

“சிதறாதும்மா. வலை பிடிச்சுக்கிடும்.”

“வேணாம்” என்றார் சென்னய்யா. “பாக்கிறவன் கண்ணுக்குக் கம்பிதான் தெரியும், தண்ணி தெரியாது.”

கடைக்காரர் கனமான கண்ணாடி ஒன்றை ஆள் வைத்துத் தூக்கி வந்து வெளிச்சத்தில் நிறுத்தினார். வேலிக்கென்றால் இந்தக் கனமாவது வேண்டும் என்றார். சென்னய்யா அதற்குப் பின்னால் தன் நீலத் துண்டை விரித்துப் பிடித்துப் பார்த்தார். “பச்சை தட்டுதேய்யா. என் தண்ணி நீலம்.” கனம் குறையக் குறையப் பச்சையும் குறைந்தது. கடைசியில், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படுகிற அளவுக்குத் தெளிவான ஒன்றில் போய் நின்றார். அது சன்னலுக்குப் போடுகிறது என்று கடைக்காரர் சொல்லிப் பார்த்தார். சன்னலில் நின்றால் வேலியிலும் நிற்கும் என்றார் இவர். சேலைக்கு நிறம் பார்க்கிற கண், கண்ணாடிக்கும் நிறத்தைத்தான் பார்த்தது. கங்கம்மாள் வழி நெடுக வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அழுகை வந்துவிடும், இவர் முன்னால் அழுவதற்கு அவள் தயாராக இல்லை.

வைக்கோல் பொதிந்து லாரியில் கண்ணாடி வந்து இறங்கியது. பக்கத்துப் பட்டியிலிருந்து கொத்தனார் உக்கிரபாண்டி வந்து இரும்புச் சட்டங்களை நட்டார். மதுரை ஆட்கள் சட்டத்துக்குள் கண்ணாடியை இறக்கி, ரப்பரும் மக்குப் பசையும் வைத்து இறுக்கினார்கள். நெஞ்சு உயரம். ரோட்டுப் பக்கம் மட்டும் இரும்புக் கதவு, அதற்கு ஒரு பூட்டு. சாவியைச் சென்னய்யா தன் பூணூலில் முடிந்துகொண்டார்.

வேலி முடிந்த அன்று சம்பந்தியை வரவழைத்தார். பாலையா வெயிலில் நடந்தே வந்தார். கண்ணாடிக்கு வெளியில் அவருக்கு ஒரு நாற்காலி, உள்ளே பலகையில் சென்னய்யா, தண்ணீரில் கால்.

“தள்ளி இருந்தே பாருங்க சம்மந்தி. நல்லாத் தெரியுதுல்ல?”

“தெரியுது” என்றார் பாலையா.

குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்த மகளிடம் வேண்டாம் என்று கையை அசைத்தார். கிளம்பும்போது அவளிடம் மட்டும், “எங்கப்பா செஞ்சது அநியாயந்தான். அதுக்கு என்னையக் கூப்பிட்டு ஒக்கார வச்சா சரி. ஒன்னைய வாட்டுறதுதான் தாங்கல” என்றார். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தாத்தா மேல், மாமனார் மேல், இதையும் பொறுமையாகச் சொல்லிவிட்டு நடந்து போகிற அப்பா மேல்.

கண்ணாடி வந்த பிறகு கெடுதல்தான் கூடியது. முன்பாவது பிள்ளை வேறு பக்கம் திரும்பினால் தண்ணீரை மறந்துவிடுவான். இப்போது கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நாள் முழுக்க அங்கேதான் நின்றான். கண்ணுக்கு முன்னால் நீலமாக ஆடுகிறது, கைக்கு எட்டவில்லை. எந்தப் பிள்ளை விடும்? கத்தினான், உதைத்தான், பித்தளைத் தம்ளரால் தட்டினான். ஒருநாள் தட்டிய இடத்தில் கோடு விட்டது. சென்னய்யா அந்தக் கண்ணாடியை மாற்றிவிட்டுத் தம்ளரைப் பிடுங்கி வைத்தார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

அதோடு போயிருந்தாலும் பொறுத்திருப்பாள். ஒரு சாயங்காலம் வீட்டுக்குள் டெலிபோன் அடித்தது. பம்பாய் டிரங்கால். சென்னய்யா பலகையிலிருந்து எழுந்து ஓடினார், கதவைச் சாத்தவில்லை. கங்கம்மாள் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தபோது பிள்ளை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தான். கிழவர் உட்கார்ந்த பலகையில் அவரைப் போலவே உட்கார்ந்து, எட்டாத காலைத் தண்ணீருக்கு எட்ட வைப்பதற்காக நகர்ந்து நகர்ந்து முன்னால் போய்க்கொண்டிருந்தான். கூப்பிட்டால் திரும்புவான், திரும்பினால் விழுவான். அவள் சத்தமில்லாமல் ஓடிப்போய் இரண்டு கையாலும் அள்ளினாள்.

“கதவைத் தெறந்து போட்டுட்டுப் போயிட்டீக.” டெலிபோனை வைத்துவிட்டு வந்தவரிடம் சொன்னாள்.

“அதான் எடுத்துட்டியே, என்ன இப்ப?”

“சாவியை என்கிட்ட குடுங்க மாமா.”

“என் தண்ணிக்கு ஒங்க வீட்டாளு சாவி வச்சிருக்கணுமா?” என்று கேட்டார். ரோட்டில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்றைக்கு அவள் முடிவெடுத்தாள். இந்தக் கண்ணாடி நிற்கக்கூடாது.

உக்கிரபாண்டி வீட்டில் கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்ட செம்மறிக் கிடாய் ஒன்று இருந்தது. காதில் அடையாள வெட்டு, முறுக்கிய கொம்பு. மாசி மாதக் களரித் திருவிழாவில் சாமிக்கு வெட்டிக் கொடுக்கிற வரைக்கும் அது யாருக்கும் கட்டுப்படாது. கட்டிப் போடக்கூடாது, விரட்டக்கூடாது, கை ஓங்கவே கூடாது. யார் வீட்டுத் தவிட்டுப் பானைக்குள்ளும் தலையை விடும். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு சும்மா நிற்பார்கள். பம்புசெட்டு ஈரத்துக்கு அது சென்னய்யா வீட்டுப் பக்கமும் வரும். வந்தால் பளபளவென்று துடைத்து நிற்கிற கார்க் கதவில் தன் உருவத்தைப் பார்த்து இடிக்கும். எதிரே இன்னொரு கிடாய் மல்லுக்கு நிற்கிறது என்று நினைப்பு. காரில் இரண்டு நெளிசல் விழுந்தும் சென்னய்யா பல்லைக் கடித்துக்கொண்டு ஷெட்டு கட்டினாரே தவிர, கிடாயை ஒன்றும் சொல்லவில்லை. மனுஷர் யாருக்கும் பயப்படாதவர். கருப்பனுக்குப் பயப்படுவார்.

மூன்று மணி வெயில் மேற்கேயிருந்து அடிக்கும்போது அந்தப் பக்கத்துக் கண்ணாடியில் தண்ணீர் தெரியாது, நிற்கிறவர் உருவம்தான் தெரியும். கங்கம்மாள் பிள்ளையை அடுப்படியில் தொட்டிலில் போட்டுத் தூங்கவைத்தாள். வெளியே வந்து கதவை நாதாங்கி போட்டாள். போட்டதை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டாள். மாமனார் மாடியில் படுத்திருந்தார். உக்கிரபாண்டி கிணற்றடியில் வாய்க்கால் பூசிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னாலேயே கிடாயும் வந்து நின்றிருந்தது. அவள் முந்தானையிலிருந்து கடலைப் புண்ணாக்கை எடுத்துக் காட்டினாள். அது வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டே கண்ணாடி வரைக்கும் கூட்டிப்போய், ஒதுங்கி நின்றாள்.

கிடாய் நிமிர்ந்து பார்த்தது. எதிரேயும் ஒன்று நிமிர்ந்தது. பின்வாங்கிப் போய், முன்னங்காலைத் தூக்கி, ஒரே இடி. கண்ணாடி சட்டத்திலிருந்து பொலபொலவென்று தண்ணீருக்குள் கொட்டியது. எதிரி ஓடிவிட்டான் என்று கிடாய் அடுத்த கண்ணாடிக்குத் திரும்பியது; அங்கேயும் அவன் நின்றான். மேற்குப் பக்கம் முழுக்கத் தீர்ந்த பிறகுதான் அது மூச்சு வாங்கியது.

சென்னய்யா வேட்டியை மடித்துக் கட்டியும் கட்டாமலும் கம்போடு இறங்கி வந்தார். கம்பு மேலே போயிற்று.

“அடிச்சிராதீக மொதலாளி” என்றார் உக்கிரபாண்டி, கரண்டியைக் கீழே வைத்து. “சாமி கிடாய்.”

கம்பு மேலேயே நின்றது. பிறகு இறங்கியது. சத்தம் கேட்டு ரோட்டில் குடத்தோடு போன பெண்கள் ரோட்டோரக் காம்பவுண்டு கேட்டருகில் கூடிவிட்டார்கள். சென்னய்யாவின் கண் தரையில் புண்ணாக்குத் துண்டுகளைப் பார்த்தது. அதன் வழியே போய் மருமகளின் முந்தானையில் நின்றது.

“நீயா?”

“நான்தான்” என்றாள் கங்கம்மாள். தமிழில், கேட்டுக்கு வெளியேயும் கேட்கிற மாதிரி. “இன்னும் மேல வெலையில கண்ணாடி வாங்கிப் போடுங்க. மாசி வரைக்கும் கிடாய் இருக்கு. நானும் இருக்கேன்.”

“ஒங்கப்பன் வீட்டுக்குப் போயிரு.”

“போறேன். பிள்ளையோட போறேன்.”

“பேரன் இங்கதான் இருப்பான்.”

“அப்ப நானும் இங்கதான் இருப்பேன், இந்தக் கிடாயும் இங்கதான் நிக்கும்” என்றாள். “என் பிள்ளை செத்து மெதக்கணும், அத எங்கப்பன் கண்ணாடிக்கு வெளிய நின்னு பாக்கணும். அதுக்குத்தான மாமா இத்தனையும்? சொல்லிருங்க, நானும் தெரிஞ்சுக்கிறேன்.”

கேட்டில் நின்ற ஒருத்தி குடத்தை இடுப்பு மாற்றி வைத்தாள். அவ்வளவு பேர் முன்னால் இப்படி ஒரு கேள்வி தனக்கு வரும் என்று சென்னய்யா கனவிலும் நினைக்கவில்லை. பதில் சொன்னால் அசிங்கம், சொல்லாவிட்டால் அதைவிட அசிங்கம். அவர் கையாலாகாத கோபத்தில் கம்பைத் தூக்கி எறிந்துவிட்டு உக்கிரபாண்டியிடம் திரும்பினார்.

“கேட்டுக்க உக்கிரபாண்டி. எல்லாரும் கேட்டுக்கங்க. இனிமே இந்த வீட்டுல இவ வச்சதுதான் சட்டம். சுவரு வேணுமாம் மகாராணிக்கு. கட்டு. இவ என்ன சொல்றாளோ அப்படியே கட்டு. நான் குறுக்க வந்தேன்னா என் பேரு சென்னய்யா இல்ல.”

குத்தலாகத்தான் சொன்னார். உக்கிரபாண்டி அதைக் குத்தலாக எடுத்துக்கொள்ளவில்லை. “எம்புட்டு ஒசரம் தாயி?” என்று அவளைப் பார்த்துக் கேட்டார்.

“ரெண்டு ஆள் ஒசரம்.”

“அந்த இரும்புக் கதவையே சுவத்துல வச்சிரலாமா?”

“வைங்க. சாவி மட்டும் என்கிட்ட இருக்கணும்” என்று சொல்லி, மாமனாருக்கு முன்னால் கையை நீட்டினாள்.

சென்னய்யா அந்தக் கையைப் பார்த்தார். பூணூலில் முடிச்சு இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தார். சாவியை அவள் கையில் வைப்பது போல் கொண்டுபோய், அப்படியே திருப்பிக் குளத்துக்குள் வீசினார். கண்ணாடிச் சில்லு கிடந்த இடத்தில் அது போய் இறங்கியது.

“வேணும்னா முங்கி எடுத்துக்க” என்றார்.

கங்கம்மாள் தண்ணீரைப் பார்த்தாள். நீட்டிய கையை மடக்கி, முந்தானையில் துடைத்துக்கொண்டாள். “சாவி போயிருச்சு உக்கிரபாண்டி அண்ணே” என்றாள். “கதவு வேணாம். வாசலே வைக்காம நாலு பக்கமும் அடைச்சிருங்க.”

உக்கிரபாண்டி முதலாளியைப் பார்த்தார். முதலாளி, கேட்டில் நிற்கிறவர்களைப் பார்த்தார். வாய் வார்த்தையை வைத்தே பம்பாய் வரை வியாபாரம் செய்கிற மனுஷன், அவர்கள் காதில் விழுந்ததை எப்படித் திரும்ப வாங்குவது? திரும்பி மாடிக்கு ஏறிப் போய்விட்டார். உக்கிரபாண்டி கயிற்றை எடுத்து அளவு பிடிக்க ஆரம்பித்தார்.

சுவர் எழும்பி முடிகிற வரைக்கும் சென்னய்யா அந்தப் பக்கம் வரவில்லை, மருமகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை, அவள் கையால் வைத்த சோற்றைத் தொடவில்லை. ரங்கராஜ்தான் தட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் அலைந்தான். உள்ளே தண்ணீர் பாசி பிடித்து, வெயிலில் சுண்டி, என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. பார்க்க வழி இல்லை. ரோட்டில் போகிறவர்கள் பார்ப்பதற்கு வெறும் சாந்துச் சுவர் இருந்தது. அதை யார் நின்று பார்ப்பார்கள்?

பூச்சு காய்ந்த அன்று கங்கம்மாள் அடுப்படிப் படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பிள்ளை முற்றத்தில் இறங்கி, கையை விரித்துக்கொண்டு, சுவர் இருந்த பக்கம் பார்த்துக் கத்திக்கொண்டே ஓடினான். அவள் உடம்பு பழக்கத்தில் பதறி எழப் பார்த்தது. சுளகை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். அவன் சுவரில் முட்டி, திரும்பி, கோழி ஒன்றைக் கண்டு அதன் பின்னால் ஓடினான். சத்தம் தேய்ந்து, கொல்லைப் பக்கம் போய், கேட்காமலும் போயிற்று. அவள் எழுந்திருக்கவில்லை. கல் பொறுக்கிக்கொண்டே, மாடியில் யாருக்குக் கேட்கிறது என்று பார்க்காமல், வாய்விட்டு அழுதாள்.